குளிசைக்கும் நேரம் உண்டு

இரண்டு பனடோல் போட்டும் வயிற்றுநோ நிற்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், பள்ளிக்கூடம் போகாமல் இருக்கச் சாட்டுச் சொல்கிறாள் என்று பலர் நினைப்பார்கள். அவள் சொல்வது முழு உண்மையாக இருக்கலாம். அவளுடைய நோ பிறக்கும் இடம் ஒன்று. பனடோல் பெரும்பாலும் வேலை செய்யும் இடம் இன்னொன்று.

கிளிநொச்சி மாவட்டத்தின் பளையிலும் பச்சிலைப்பள்ளியின் மற்ற ஊர்களிலும் மாதவிடாய் நோவுக்கு முதல் வைத்தியம் வீட்டுக்குள்தான். "அம்மா, நாரி உளையுது, இருக்கேலாமல் கிடக்கு" என்று மகள் சுருண்டு படுப்பாள். "ரெண்டு பனடோலைப் போட்டுட்டுக் கொஞ்சம் படு பிள்ளை, நாளைக்குச் சரியாகிடும்" என்பார் தாய். அதற்கும் கேட்காவிட்டால் தம்பியோ தகப்பனோ சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏ9 வீதிக் கரையிலுள்ள பார்மசிக்குப் போவார். அங்கே நாலு பேர் நிற்பார்கள். "வயித்து நோவுக்கு ஒரு குளிசை" என்பதற்கு மேல் அவருக்கு வாய் வராது. கஸ்ரைற்றிஸும் வயிற்று நோதான், வயிற்றோட்டத்தோடு வருவதும் வயிற்று நோதான். மருந்து கொடுப்பவர் தான் விளங்கிக்கொண்டதற்குக் கொடுப்பார். அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டிய நாலு குளிசைகள் சின்னக் கடதாசிப் பைக்குள் விழும். காலை, மதியம், இரவு என்று பையில் பேனையால் மூன்று கோடு இழுத்திருக்கும்.

வீட்டுக்கு வந்துசேரும் அந்தப் பையில் மருந்தின் பெயர் இல்லை, காலாவதித் திகதி இல்லை. குடிக்கப்போகும் பிள்ளைக்குத் தொய்வு இருக்கிறதா, காலையில் சாப்பிட்டாளா, காய்ச்சல் காய்கிறதா என்று யாரும் கேட்கவும் இல்லை. மாதவிடாய் நோவுக்கு நல்ல மருந்து உண்டு, அது அபூர்வமானதுமல்ல. அது சரியாக வேலை செய்வதற்கும் கேடு செய்யாமல் இருப்பதற்கும் தெரிந்திருக்க வேண்டியவற்றில் பெரும்பங்கு ஒரே ஒரு இரசாயனப் பொருளின் கதையில் அடங்கிவிடுகிறது.

நோ எங்கிருந்து வருகிறது

கரு தங்காத மாதத்தில், சுழற்சியின் கடைசி நாட்களில், சூலகத்திலிருந்து சுரந்துகொண்டிருந்த புரோஜெஸ்தரோன் என்ற ஓமோன் குறைகிறது. அந்த ஓமோனை நம்பித் தடித்து நின்ற கருப்பையின் உட்சவ்வு சிதையத் தொடங்குகிறது. சிதையும் கலங்களிலிருந்து அரகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் விடுபடுகிறது. கொக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நொதியம் அந்த அமிலத்தைப் புரோஸ்டாகிளாண்டின்களாக மாற்றுகிறது. இவைதான் நம்முடைய கதையின் மையம்.

புரோஸ்டாகிளாண்டின் கருப்பைத் தசையை இறுக்கிச் சுருக்குகிறது. அங்கே ஓடும் இரத்தக் குழாய்களையும் ஒடுக்குகிறது. கடும் நோ உள்ள பெண்களின் கருப்பைக்குள் அழுத்தம் 120 மில்லிமீற்றர் இரசத்தையும் தாண்டுவது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. பிரஷர் பார்க்கும்போது டொக்டர் சொல்லும் இரண்டு எண்களில் பெரிய எண், சுகமாக இருக்கும் ஒருவருக்கு, ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த வேகத்தில் இறுகும் தசைக்குள் இரத்தம் போய்ச் சேராது. ஒட்சிசன் கிடைக்காத தசை நோகும். மாரடைப்பில் நெஞ்சு நோவதற்கும் அடிப்படை இதுவே.

அதே பொருளில் கொஞ்சம் இரத்தத்தோடு கலந்து மற்ற இடங்களுக்கும் போகிறது. குடலின் தசையும் அதற்குச் சுருங்கும். அதனால்தான் முதல் நாளில் பலருக்கு வயிற்றாலும் போகிறது. சத்தி, தலையிடி, களைப்பு எல்லாம் இதன் கூட்டாளிகள். பெரும்பங்கு புரோஸ்டாகிளாண்டின் முதல் 48 மணித்தியாலத்தில் வெளியாகிவிடுவதால், மூன்றாம் நாளில் நோ தானாகவே தணிகிறது.

பெரியபிள்ளையான முதல் வருடத்தில் ஒன்றும் இல்லாமல் இருந்த மகளுக்கு இப்போதுதான் நோ வருகிறது, ஏதும் கோளாறோ என்று பயப்படும் தாய்மாருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தொடக்க மாதங்களில் பல சுழற்சிகளில் முட்டை வெளியாவதில்லை. முட்டை வெளியாகாவிட்டால் புரோஜெஸ்தரோன் எழுச்சியும் வீழ்ச்சியும் இல்லை. சுழற்சி ஒழுங்குக்கு வந்த பிறகே நோவும் வரும். பெரும்பாலானோருக்கு இது உடல் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம்.

இத்தனையும் தெரியவர நெடுங்காலம் பிடித்தது. புரோஸ்டாகிளாண்டினை 1935இல் சுவீடனில் உல்ஃப் வொன் ஒய்லர் விந்துப் பாயத்தில் கண்டார்; பெண்களின் நோவோடு அதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. மாதவிடாய் நோ மனத்தின் கோளாறு, பெண் தன் பெண்மையை ஏற்க மறுப்பதால் வருவது என்றெல்லாம் மருத்துவ நூல்களே எழுதிக்கொண்டிருந்தன. 1957இல் பிக்கிள்ஸ் என்ற பிரித்தானிய உடற்றொழிலியலாளர், மாதவிடாய்க் கழிவில் தசையைச் சுருக்கும் ஒரு பொருள் இருப்பதாக ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதினார். அது புரோஸ்டாகிளாண்டின் என்பதும், நோ கூடிய பெண்களில் அதன் அளவு கூடுதல் என்பதும் பின்னர் தெளிவாயின. 1971இல் ஜோன் வேன், அஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்தே வேலை செய்கின்றன என்று காட்டினார். 1982ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும், சுவீடனைச் சேர்ந்த பேர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன் இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

பனடோலும் மற்றக் குளிசைகளும்

பனடோல் ஒரு கம்பனியின் பெயர்ச்சீட்டு; உள்ளே இருப்பது பரசிற்றமோல். அது பெரும்பாலும் மூளையிலும் முண்ணாணிலும் நோவின் உணர்வைத் தணிக்கிறது. கருப்பையில் கொக்ஸ் நொதியத்தின் வேலையை அது பெரிதாகத் தடுப்பதில்லை. உற்பத்தி நடந்துகொண்டே இருக்க, உணர்வு மட்டும் கொஞ்சம் மங்கும். இலேசான நோவுக்கு அது போதும். கடும் நோவுக்குப் பலருக்குக் காணாது.

இபுபுரோபன், மெபனமிக் அமிலம், நப்ரொக்சன், டைக்ளோபினக் என்பவை வேறு குடும்பம். இவை கொக்ஸ் நொதியத்தையே அடைக்கின்றன. புரோஸ்டாகிளாண்டின் குறைய, கருப்பையின் இறுக்கமும் குறைகிறது. 80 ஆய்வுகளில் பங்கெடுத்த 5,820 பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு இதை எண்ணில் சொல்கிறது. மருந்தில்லாத போலிக் குளிசை எடுத்தவர்களில் 100க்கு 18 பேருக்கு நல்ல சுகம் கிடைக்கும் என்றால், இந்தக் குடும்ப மருந்தை எடுத்தவர்களில் 45 முதல் 53 பேருக்குக் கிடைக்கும். பரசிற்றமோலை விட இவை மேல் என்பதற்கும் அதில் சான்று உண்டு. மற்றப் பக்கத்தையும் பாருங்கள்: 100க்கு ஏறத்தாழ 50 பேருக்கு இவையும் போதவில்லை. அவர்களைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

இப்போது அளவுகள். பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை, வளர்ந்தவருக்கு ஒருமுறைக்கு 1 அல்லது 2. அடுத்த முறைக்குக் குறைந்தது 4 மணித்தியால இடைவெளி. ஒரு நாளில் 8 குளிசைக்கு மேல் கூடாது. உடல் நிறை 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள் அதிலும் குறைவாகவே எடுக்கவேண்டும். மெலிந்த பிள்ளைகளுக்கு டொக்டரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். இபுபுரோபன், 12 வயதுக்கு மேற்பட்டவருக்கு, ஒருமுறைக்கு 200 முதல் 400 மில்லிகிராம், நாளுக்கு 3 முறை; டொக்டரின் சொல் இல்லாமல் நாளுக்கு 1,200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பொன்ஸ்டன் என்று நம்மவர் கேட்டு வாங்கும் மெபனமிக் அமிலம் வழக்கமாக 500 மில்லிகிராம் வீதம் நாளுக்கு 3 முறை கொடுக்கப்படுகிறது. பிரித்தானியாவில் இதை டொக்டரின் துண்டு இல்லாமல் வாங்க முடியாது. அளவு மிஞ்சினால் வலிப்பை உண்டாக்கக்கூடிய மருந்து இது. முதல்முறை பாவிக்குமுன் டொக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

அஸ்பிரினை இந்த நோவுக்குத் தேடவேண்டாம். மற்றவற்றை விடப் பலன் குறைவு. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அபூர்வமாக மூளையையும் ஈரலையும் தாக்கும் ஆபத்தும் உண்டு.

எப்போது போடுவது

மருந்து சரி, அளவும் சரி, ஆனாலும் கேட்கவில்லை என்பவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி: எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?

நம் பெண்கள் முதலில் பொறுத்துப் பார்ப்பார்கள். மருந்து கூடாது, இயன்றவரை தாங்குவோம் என்ற நினைப்பு. விடியப்புறம் தொடங்கிய நோவை மத்தியானம் வரை தாங்கி, இனி ஏலாது என்ற கட்டத்தில் குளிசையைத் தேடுவார்கள். அதற்குள் முதல் நாளின் புரோஸ்டாகிளாண்டினில் பெரும்பங்கு உருவாகிவிட்டது. இந்தக் குளிசைகள் இனி உருவாகப்போவதைத் தடுக்குமே தவிர, உருவாகி முடிந்ததை அழிக்கமாட்டா. வாய்க்காலை அடைத்தாலும் வயலில் ஏற்கெனவே நிற்கும் தண்ணீர் வற்ற நேரம் எடுக்கும் என்பது இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்பவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆகவே, முதல் உளைவோடு அல்லது முதல் துளி கண்டதோடு முதல் குளிசை. சுழற்சி நாள் தவறாமல் வரும் பெண்கள் முந்தின நாள் இரவே தொடங்கலாம். கரு தங்கியிருக்க வாய்ப்புள்ளவர் மட்டும் மாதவிடாய் வந்தது உறுதியான பிறகு தொடங்கவேண்டும். நோ வந்தால் மட்டும் ஒன்று என்றில்லாமல், 2 அல்லது 3 நாட்களுக்குச் சொன்ன இடைவெளியில் ஒழுங்காக எடுக்கவேண்டும். அதற்குப் பிறகு நிறுத்திவிடவேண்டும். தாமதமாக எடுத்த 6 குளிசையை விட நேரத்துக்கு எடுத்த 3 குளிசை கூடுதல் பலன் தரலாம். மருந்தைக் குறைக்க விரும்புபவர்களுக்கும் அதுவே வழி.

தொடர்ந்து போட்டால் கருப்பை பழுதாகும், பிள்ளை தங்காது என்ற பயம் ஊரில் ஆழமாக இருக்கிறது. மாதத்தில் 2, 3 நாள் எடுக்கும் இந்தக் குளிசைகள் மலட்டுத்தன்மையை உண்டாக்குவதில்லை. சுழற்சியின் நடுவில், முட்டை வெளியாகும் நாட்களில், தொடர்ந்து எடுத்தால் முட்டை வெளியாவது தாமதப்படலாம். மருந்தை நிறுத்த அதுவும் பழைய நிலைக்கு வந்துவிடும். பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெண்கள் அந்த நாட்களில் மட்டும் கவனமாக இருந்தால் போதும். இரத்தம் கூடப் போகும் என்ற பயத்துக்கும் இடமில்லை. மாதவிடாயில் இந்த மருந்துகள் இரத்தப்போக்கைக் கொஞ்சம் குறைக்கவே செய்கின்றன; கூடுதலாக இரத்தம் போகும் பெண்களுக்கு மெபனமிக் அமிலத்தை டொக்டர்மார் எழுதுவது அதனால்தான்.

அதே பொருள், வேறு இடங்கள்

கருப்பையில் வில்லனாக நிற்கும் புரோஸ்டாகிளாண்டின், உடம்பின் மற்ற இடங்களில் காவல்காரன். குளிசைக்கு இடம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எச்சரிக்கைகளைத் தனித்தனியே பாடமாக்கத் தேவையில்லை. இந்தக் காவல்காரன் எங்கெங்கே நிற்கிறான் என்று தெரிந்தால் ஏன் என்பதும் விளங்கும்.

இரைப்பையில், அமிலம் தன் சுவரையே அரிக்காமல் காக்கும் சளிப்படை புரோஸ்டாகிளாண்டினின் தயவில் நிற்கிறது. அது குறைந்தால் எரிவு, புண், சிலருக்கு இரத்தக் கசிவு. நோவில் சாப்பாடு இறங்காது என்று ஒரு பிளேன்ரீயோடு குளிசையைப் போடுவது நம் வீடுகளில் சாதாரணம். இரண்டு பிஸ்கட், ஒரு கோப்பை பால், கொஞ்சம் கஞ்சி ஏதாவது முதலில் உள்ளே போகட்டும். இரைப்பைப் புண் இருந்தவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மலம் தார் போலக் கறுத்துப் போனால் மருந்தை நிறுத்தி உடனே ஆசுபத்திரிக்குப் போகவேண்டும்.

சிறுநீரகத்தில், உடம்பில் தண்ணீர் வற்றும்போது உள்ளே வரும் இரத்தக் குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின். இதை வன்னியில் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. பளைக்குப் பக்கத்து முகமாலை, போர்க்காலத்தின் முன்னரங்கு. உலகிலேயே மிகச் செறிவாகக் கண்ணிவெடி புதைக்கப்பட்ட இடங்களில் ஒன்று. அங்கே ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களில் கண்ணிவெடி அகற்றுபவர்களில் பெருந்தொகையினர் பெண்கள். கனத்த பாதுகாப்பு அங்கியும் முகக் கவசமும் போட்டுக்கொண்டு, வெயிலில் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைத் துழாவும் வேலை. தென்னந்தோட்டத்திலும் வயலிலும் நிற்கும் பெண்களும் அதே வெயிலில்தான் நிற்கிறார்கள். வேர்வையாகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்க, கழிப்பறை வசதியில்லை என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்து, அதற்கு மேல் இந்தக் குளிசையையும் போட்டால் சிறுநீரகத்தின் இரத்த ஓட்டம் இரண்டு பக்கத்தாலும் குறைகிறது. குளிசை போடும் நாளில் தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். கடும் வயிற்றோட்டம், சத்தி இருக்கும் நாளில் குளிசை கட்டாயம் வேண்டாம்.

1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் இன்னும் தீர்மானமாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாவிலும் இருக்கிறது. இந்தக் குளிசைகள்தான் காரணம் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஆனால் ஏற்கெனவே பழுதுபட்ட சிறுநீரகத்துக்கு இவை மேலும் கேடு. சிறுநீரக நோய் உள்ளவர்களும், பிரஷருக்கு மருந்து எடுப்பவர்களும் டொக்டரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. குடும்பத்தில் அந்த நோய் இருந்தால் முதலில் இரத்தத்தையும் சிறுநீரையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

சுவாசக் குழாய்களில் கதை கொஞ்சம் வேறு. கொக்ஸ் வழி அடைபட்டதும் அரகிடோனிக் அமிலம் இன்னொரு வழியால் திரும்பி, மூச்சுக் குழாயை இறுக்கும் பொருட்களாக மாறுகிறது. தொய்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இதனால் கடும் இழுப்பு வரும். முன்பு அஸ்பிரினோ இபுபுரோபனோ போட்டு மூச்சு முட்டியிருந்தால், முகம் வீங்கியிருந்தால், இந்தக் குடும்பத்தில் எதுவுமே அவர்களுக்கு ஆகாது.

இரத்தத்தில், காயத்தை அடைக்க ஓடிவரும் சிறுதட்டுகளுக்கும் கொக்ஸ் நொதியம் தேவை. சாதாரண நாளில் இது பெரிய சிக்கலல்ல. டெங்கு நாளில் உயிர்ச் சிக்கல். வடகீழ்ப் பருவமழையோடு வடக்கில் நுளம்பு பெருகும் மாதங்களில் காய்ச்சலும் மாதவிடாயும் ஒன்றாக வரலாம். நாரி உளைவு, உடம்பு உளைவு, தலையிடி இரண்டுக்கும் பொது. டெங்குவில் சிறுதட்டு எண்ணிக்கை விழுந்துகொண்டிருக்கும்போது இந்தக் குளிசை மிச்சமுள்ளவற்றையும் முடக்கும். இரைப்பையிலும் கசிவை உண்டாக்கும். 2017இல் இலங்கையில் 1,80,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு பதிவான நாட்களில் சுகாதாரத் துறை திரும்பத் திரும்பச் சொன்னதும் இதுவே: காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். மாதவிடாய் நோ எவ்வளவு கடுமையாக இருந்தாலும், காய்ச்சல் இருந்தால் பரசிற்றமோலைத் தவிர வேறொன்றையும் தொடக்கூடாது. காய்ச்சலோடு வழக்கத்துக்கு மாறாக இரத்தம் போனால், அதை வெட்கப்பட்டு மறைக்காமல் டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும். வார்பரின் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் இந்தக் குளிசைகள் ஆகா.

கர்ப்பத்தில், வயிற்றிலிருக்கும் சிசுவின் சிறுநீரகமும், அதன் இதயத்தருகே பிறக்கும்வரை திறந்திருக்கவேண்டிய ஒரு குழாயும் புரோஸ்டாகிளாண்டினை நம்பியிருக்கின்றன. 20 வாரத்துக்குப் பிறகு இந்த மருந்துகளைத் தவிர்க்கும்படி 2020இல் அமெரிக்க மருந்து அதிகாரசபை எச்சரித்தது. நாள் தள்ளிப்போன பிறகு வரும் நோவை மாதவிடாய் நோ என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள்.

கடதாசிப் பைக்குள் என்ன இருக்கிறது

புறூபன் ஒரு பெட்டி, வோல்டரன் இன்னொரு பெட்டி. பெயரும் வேறு, நிறமும் வேறு. முதலாவது இபுபுரோபன், இரண்டாவது டைக்ளோபினக். இரண்டும் ஒரே குடும்பம். மாதவிடாய்க்கு ஒன்றும் நாரி நோவுக்கு இன்னொன்றும் என்று சேர்த்து எடுப்பவருக்குச் சுகம் இரட்டிப்பாகாது. இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் வரும் கேடுதான் இரட்டிப்பாகும். பரசிற்றமோலிலும் இந்தப் பொறி உண்டு. தடிமன் மருந்துகள் பலவற்றுக்குள் அது ஒளிந்திருக்கிறது. தடிமன் குளிசையையும் பனடோலையும் சேர்த்துப் போடுபவர் நாளின் எல்லையை அறியாமலே தாண்டிவிடலாம். பரசிற்றமோல் மிஞ்சினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஈரல் உள்ளே பழுதாகிக்கொண்டிருக்கும். மாற்று மருந்து உண்டு, முதல் 8 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் பலன் மிக அதிகம். எண்ணிக்கை கூடிவிட்டது என்று தெரிந்தால் சுகமாக இருக்கிறதே என்று பார்த்திருக்காமல் 1990 அம்புலன்ஸை அழைக்கவேண்டும். பரசிற்றமோலையும் இபுபுரோபனையும் சேர்த்து எடுக்கலாம். அவை வேறு வேறு குடும்பம்.

கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரைக் கேட்கும் பழக்கத்துக்கு இந்த நாட்டிலேயே ஒரு முன்னோடி இருந்தார். பேராசிரியர் சேனக பிபிலே 1970களின் தொடக்கத்தில், எண்ணற்ற வணிகப் பெயர்களில் வந்துகொண்டிருந்த மருந்துகளைத் தேவையானவை என்ற ஒரு பட்டியலுக்குள் சுருக்கி, அவற்றின் மருந்துப் பெயரிலேயே வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று வாதாடினார். 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் கடைகளே இன்றைய ஒசுசல. பிபிலே 1977இல் கயானாவில் காலமானார். அவர் பேசியது பெரும்பாலும் விலையைப் பற்றி. ஆனால் மருந்துப் பெயர் தெரிந்திருப்பது பாதுகாப்பும்கூட.

ஆகவே பார்மசிக்குப் போகிறவர் யாராக இருந்தாலும், ஒரு துண்டில் நாலு விடயங்களை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்: மாதவிடாய் நோவுக்கு, வயது இவ்வளவு, தொய்வு, கஸ்ரைற்றிஸ், சிறுநீரக நோய் இருந்தால் அதுவும், எடுக்கும் வேறு மருந்தும். நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் பையில் எழுதித்தரக் கேளுங்கள். முடிந்தால் முழு அட்டையாக வாங்குங்கள். காலாவதித் திகதி அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சிட்டிருக்கும், வெட்டிய துண்டில் அது கிடைக்காமல் போகும்.

எந்த மருந்துக்கும் அபூர்வமான முகம் ஒன்று உண்டு. 2023 நவம்பர் இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம், மெபனமிக் அமிலம் எடுத்த சிலரில் கடும் ஒவ்வாமை காணப்பட்டதாக எச்சரித்தது. தோலில் பரவலான தடிப்பு, காய்ச்சல், நெறிக்கட்டு என்று தொடங்கி உள்ளுறுப்புகளையும் தாக்கும் நிலை அது. மருந்து எடுத்து சில வாரம் கழித்தும் வரலாம். மருந்துக்குப் பிறகு தோல் தடித்தால், வாய்க்குள் புண் போட்டால், அடுத்த குளிசையை எடுக்காமல் டொக்டரிடம் போங்கள்.

சுடுதண்ணீரும் உழுத்தங்களியும்

அடிவயிற்றில் சூடு வைப்பது பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கத்தக்கதல்ல. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 39 பாகைச் சூட்டைத் தொடர்ந்து கொடுக்கும் ஒட்டுப்பட்டை, 400 மில்லிகிராம் இபுபுரோபனுக்கு ஈடாக நோவைத் தணித்தது. இரண்டும் சேர்ந்தபோது சுகம் விரைவாகவே கிடைத்தது. மருந்து எடுக்கக்கூடாதவர்களுக்கு இது பெரிய வரம். சுடுதண்ணிப் போத்தலைத் துவாயால் சுற்றி வையுங்கள்; கொதிநீரை நேரே ஊற்றித் தோலைப் பொசுக்கிக்கொள்ளவேண்டாம். நடை, மெல்லிய உடற்பயிற்சி போன்றவை மாதம் முழுவதும் தொடர்ந்தால் நோவைக் குறைக்கும் என்பதற்கும் சான்று உண்டு.

சாமத்தியப்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கும் உழுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்பன நல்ல உணவு. கொழுப்பும் புரதமும் உண்டு. புரோஸ்டாகிளாண்டினை அவை தடுக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம். இஞ்சி பற்றிச் சிறிய ஆய்வுகள் நல்ல செய்தி சொல்கின்றன. இஞ்சித் தேத்தண்ணி குடிப்பதில் கெடுதி இல்லை. குளிசைக்குப் பதிலாக அதையே நம்பிப் பரீட்சை நாளுக்குப் போகவேண்டியதுமில்லை.

குளிசைக்குக் கேட்காத நோ

சரியான மருந்தை, சரியான அளவில், நோ தொடங்கிய உடனேயே, மூன்று மாதவிடாய்க்கு எடுத்தும் பள்ளிக்கூடமோ வேலையோ போக முடியவில்லை என்றால், அந்தத் தோல்வியே ஒரு தகவல். சாதாரண மாதவிடாய் நோவாக இருந்தால் பெரும்பாலும் கொஞ்சமாவது அசைந்திருக்கும். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெற்றியோசிஸ் உலகில் கருவளம் உள்ள வயதுப் பெண்களில் ஏறத்தாழ 100க்கு 10 பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைக் கண்டுபிடிக்க 4 முதல் 12 வருடம் வரை தாமதமாவதாகவும் அதே நிறுவனம் சொல்கிறது. அந்த வருடங்களில் பெரும்பங்கு, ‘எல்லாருக்கும் வாறதுதானே’ என்ற ஒரு சொல்லில் கழிந்துபோகிறது.

வேறு சில அடையாளங்களுக்கு மூன்று மாதமும் காத்திருக்கக்கூடாது. ஒவ்வொரு மாதமும் கூடிக்கொண்டே போகும் நோ. 25 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய நோ. மாதவிடாய் இல்லாத நாட்களிலும் நோ. மலம் போகும்போதோ உறவின்போதோ நோ. மணித்தியாலத்துக்கு ஒரு பாட் மாற்றவேண்டிய அளவு இரத்தம். காய்ச்சலோடு நாற்றமுள்ள வெள்ளைபடுதல். நாள் தள்ளிப்போய், ஒரு பக்கத்தில் திடீரென்று கடும் நோவும் மயக்கமும் வந்தால் அது கருப்பைக்கு வெளியே தங்கிய கருவாக இருக்கலாம், அன்றைக்கே ஆசுபத்திரி.

எங்கே போவது என்பதில் பளையிலுள்ளவர்களுக்கு வழி இல்லாமலில்லை. வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லலாம். பளை ஆசுபத்திரியின் வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது. அங்கிருந்து கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். பெண்களின் மருத்துவத்துக்கென்று அங்கே ஒரு சிறப்பு மையம் 2024இல் திறக்கப்பட்டது. கலியாணமாகாத பிள்ளையை அந்தக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனால் சனம் என்ன கதைக்கும் என்ற தயக்கம்தான் தூரத்தை விடப் பெரிய தடை. அந்தப் பிள்ளைகளுக்கு உள்ளே கைவைத்துப் பரிசோதிக்கவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து வயிற்றின் மேலால் ஸ்கான் பார்ப்பார்கள்.

போகும்போது மூன்று மாதக் கணக்கு ஒன்றை ஒரு கொப்பித் தாளில் கொண்டுபோங்கள்: தொடங்கிய திகதி, நோ எத்தனை நாள், எந்தக் குளிசை எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரத்தில் தணிந்தது, எத்தனை பாட், எத்தனை நாள் பள்ளிக்கூடமோ வேலையோ தவறியது. நெரிசலான கிளினிக்கில் டொக்டருக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில், ‘சரியான நோ டொக்டர்’ என்பதை விட அந்தத் தாள் கூடுதலாகப் பேசும். ஓமோன் குளிசையா, ஸ்கானா, சத்திரசிகிச்சையா என்ற அடுத்த முடிவை அதை வைத்துத்தான் எடுப்பார்கள்.